ஆறே மாதத்தில் உடைந்த குரல்

மேலுதட்டில் பூனைமுடி, தாடையோரம் நாலைந்து தடித்த முடி. தாமிரபரணிக் கரையில் எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தியல்ல. அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆற்றுப் படித்துறையில் மஞ்சள் உரசிப் பூசிக் குளித்த பாட்டிமார் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதில்லை. பேத்திமார் பியூட்டி பார்லரில் த்ரெட்டிங் செய்துகொள்கிறார்கள். இப்படி முடி வளரும் பெண்களில் பலருக்கு அது அம்மாவிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் வந்த சொத்து. இன்னும் பலருக்குக் காரணம், சினைப்பை "நீர்க்கட்டி" என்று ஊரில் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உயிருக்கு ஆபத்தில்லாதது, ஆனால் கவனிக்க வேண்டியது.

மிகச் சிலரிடம் மட்டும் கதை வேறு மாதிரி போகும். தவறாமல் வந்துகொண்டிருந்த மாதவிலக்கு சட்டென நிற்கும். வாரம் ஒருமுறை எடுத்த முடியை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்க வேண்டிவரும். நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி ஏறிக்கொண்டே போகும். தொண்டை கட்டியது போலத் தொடங்கிய குரல் தடித்து, போனை எடுத்துப் பேசினால் மறுமுனையில் இருப்பவர் "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். இவ்வளவும் ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள் நடந்துவிடும். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ ஆண் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி ஒன்று வளர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். முடி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தது என்பதே இங்கே பெரிய தடயம்.

பெண் உடலில் ஆண் ஹார்மோன்

ஆண்ட்ரோஜன்களை ஆண் ஹார்மோன்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை இல்லாமல் பெண் உடல் இயங்காது. பெண்ணின் ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ கால் பங்கு சினைப்பையிலிருந்தும், கால் பங்கு சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்தும் வருகிறது. மீதிப் பாதி, கொழுப்பு, தோல் போன்ற திசுக்களில் வேறு ஹார்மோன்கள் உருமாறுவதால் கிடைக்கிறது. பெண்களுக்கு இதன் அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 15 முதல் 70 நானோகிராம். ஆண்களுக்கு 300 முதல் 1000 வரை.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனே ஆண்ட்ரோஜனிலிருந்துதான் பிறக்கிறது. சினைப்பையில் வளரும் முட்டையைச் சுற்றி இரண்டு வகைச் செல்கள் உண்டு. வெளியே இருக்கும் தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கின்றன. உள்ளே இருக்கும் கிரானுலோசா செல்கள் அதை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. இரண்டுக்கும் உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. தேவை கூடினால் உத்தரவு கூடும், தேவை தீர்ந்தால் குறையும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களில் வயலின் தேவை பார்த்து மடை திறந்து மடை அடைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கட்டி என்பது கால்வாய்க் கரையில் விழுந்த உடைப்பு. மடையை இறுக்கி அடைத்தாலும் உடைப்பின் வழியே தண்ணீர் வயலுக்குள் பாய்ந்துகொண்டேதான் இருக்கும். அதேபோல், பிட்யூட்டரி தன் உத்தரவைக் குறைத்துக்கொண்டாலும் கட்டி பெரும்பாலும் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும்.

அளவு மிஞ்சிய ஆண்ட்ரோஜன் முதலில் முட்டை வெளிவருவதைத் தடுக்கும். அதனால் மாதவிலக்கு நிற்கும். அடுத்து தோலுக்குப் போகும். அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும். தாடையிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் இருந்த பூனைமுடி கருத்துத் தடிக்க, உச்சந்தலை முடி மெலிந்து உதிரும். ஒரே ஹார்மோன் முகத்தில் முடி வளர்க்கிறது, தலையில் முடி உதிர்க்கிறது. முடிக்கால்கள் இடத்துக்கு இடம் வேறு விதமாகப் பதில் சொல்வதே இதற்குக் காரணம். பிறகு குரல்நாண்கள் தடிக்கும், தசை இறுகும், மார்பகம் சிறுக்கும், கிளிட்டோரிஸ் பருக்கும். ரத்தச் சிவப்பணுக்களும் கூடலாம். ரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊரில், மாதவிலக்கு நின்ற ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் ஆணுடையதைப் போல ஏறி நின்றால், அதை நல்ல செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தெந்தக் கட்டிகள்?

சினைப்பையில் ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டி எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. கருவில் விந்தகமும் சினைப்பையும் ஒரே திசு மேட்டிலிருந்துதான் உருவாகின்றன. அந்தப் பொதுவான மூலத்தின் திறன் வளர்ந்த சினைப்பையிலும் ஒளிந்து கிடக்கிறது. இத்தாலியின் என்ரிகோ செர்டோலி 1865-லும், அவருக்கு முன் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் லைடிக் 1850-லும் விந்தகத்தில் விவரித்த இரு வகைச் செல்கள், மிக அரிதாகச் சினைப்பையில் கட்டியாகத் தலையெடுக்கின்றன. செர்டோலி-லைடிக் செல் கட்டி என்பது அதன் பெயர். சினைப்பைக் கட்டிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது அரை சதவீதத்துக்கும் குறைவு.

அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர்கள் ராபர்ட் யங்கும் ராபர்ட் ஸ்கல்லியும் 207 செர்டோலி-லைடிக் கட்டிகளை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை. நோயாளிகளின் சராசரி வயது 25. நாலில் மூன்று பேர் 30 வயதைத் தாண்டாதவர்கள். கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளும் ஒரு சினைப்பையில் மட்டுமே இருந்தன. பெரும்பாலானவை சினைப்பையைத் தாண்டிப் பரவாத முதல் நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. ஆண்தன்மை அறிகுறிகள் தெரிந்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம்தான். மற்றவர்கள் வயிற்று வலி, வயிற்று வீக்கம் என்று வந்தவர்கள். செல்கள் நன்கு முதிர்ந்த வகைக் கட்டிகள் தீங்கற்றவையாக நடந்துகொண்டன. முதிர்ச்சி குறையக் குறைய புற்றுநோயாக நடந்துகொள்ளும் வாய்ப்பு கூடியது.

லைடிக் செல்கள் மட்டுமே கொண்ட கட்டி இன்னொரு வகை. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் வரும், மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஏறக்குறைய எப்போதும் தீங்கற்றது. ஸ்டீராய்டு செல் கட்டி மூன்றாவது வகை. இதில் கணிசமானவை புற்றுத்தன்மை உடையவை. இவை தவிர, கட்டியே இல்லாமல் சினைப்பையின் உட்திசு முழுவதும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கும் ஹைப்பர்தீகோசிஸ் என்ற நிலையும் உண்டு. கர்ப்ப காலத்தில் வரும் லூட்டியோமாவோ பிரசவத்துக்குப் பின் தானாகவே சுருங்கிவிடும். அதை அவசரப்பட்டு அறுக்கத் தேவையில்லை.

செர்டோலி-லைடிக் கட்டிகள் பலவற்றுக்குப் பின்னால் டைசர்-1 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை இருப்பது 2012-இல் தெரியவந்தது. செல்லுக்குள் எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்று அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டித் தயாரிக்கும் நொதிக்கான மரபணு இது. சில குடும்பங்களில் இந்தப் பிழை தலைமுறை தலைமுறையாக இறங்கும். அதே வீட்டில் ஒருவருக்கு இளம் வயதில் தைராய்டு முடிச்சுகள், ஒரு குழந்தைக்கு அபூர்வமான நுரையீரல் கட்டி என்று தோன்றலாம். எனவே இந்தக் கட்டி வந்த பெண்ணிடம் குடும்ப வரலாற்றை விசாரிப்பது அவசியம்.

அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டும் வழக்கமுள்ள நம் பகுதியில் ஒரு தெளிவு வேண்டும். டைசர்-1 பிழை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், அதற்கும் சொந்தத்தில் திருமணம் செய்வதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஆண்ட்ரோஜன் மிகுவதற்கான இன்னொரு காரணமான பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சிக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். 17-ஓ.எச். புரொஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய நோய்தான்

இந்த நோய்க்கோலம் மனிதர் கண்ணில் பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று, அப்டெரா நகரில் வாழ்ந்த ஃபைதூஸா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. பிள்ளை பெற்றவள். கணவன் ஊரை விட்டுப் போனபின் அவளுக்கு மாதவிலக்கு நெடுங்காலம் நின்றது. உடல் ஆணைப் போல ஆயிற்று, தாடி முளைத்தது, குரல் முரடானது. மாதவிலக்கைத் திரும்ப வரவைக்க மருத்துவர்கள் முயன்றும் பலிக்காமல் சீக்கிரமே இறந்துபோனாள். அவளுக்கு இருந்தது கட்டிதான் என்று இன்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மருத்துவர் வரிசைப்படுத்திய அறிகுறிகள் இன்றைய பாடநூலோடு ஒத்துப்போகின்றன. காரணத்தைப் பிரித்தறிய 20-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1935-இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சிகாகோவின் ஸ்டீனும் லெவெந்தாலும் இன்று பி.சி.ஓ.எஸ். எனப்படும் நிலையை விவரித்தார்கள்.

கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிப்பது

சிக்கலே இங்குதான். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு பி.சி.ஓ.எஸ். இருக்கிறது. அமெரிக்காவில் ரிக்கார்டோ அஸ்ஸிஸ் குழுவினர் ஆண்ட்ரோஜன் மிகையோடு வந்த 873 பெண்களைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் சுரக்கும் கட்டி இருந்தது ஏறத்தாழ 0.2 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஆயிரத்தில் இரண்டு என்ற கணக்கு. வரும் எல்லோருக்கும் "நீர்க்கட்டிதாம்மா" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தாலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த இருவருக்கு மட்டும் தவறாகிவிடும். இத்தனைக்கும் பி.சி.ஓ.எஸ். ஸ்கேனில் தெரியும் அந்த "நீர்க்கட்டிகள்" கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள் அவை.

பி.சி.ஓ.எஸ். உள்ளவரையும் கட்டி உள்ளவரையும் பிரித்துக் காட்டும் முதல் கருவி ஒரு கேள்வி. "இது எப்பம் ஆரம்பிச்சதும்மா?" பி.சி.ஓ.எஸ். உள்ள பெண் பெரும்பாலும், "வயசுக்கு வந்ததுல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா உண்டு டாக்டர்" என்பார். கட்டி உள்ளவரின் பதில் வேறு. "போன கோயில் கொடைக்கு ஒண்ணுமே கிடையாது. இந்தக் கார்த்திகைக்குள்ள எல்லாம் வந்துட்டு." இந்த இரண்டாவது பதில் வந்தால் அன்றைக்கே பரிசோதனை தொடங்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் புதிதாக முடி வளரத் தொடங்கினாலும் அப்படித்தான்.

தேதியை நினைவுபடுத்திச் சொல்வது கடினமாக இருந்தால் செல்போன் உதவும். போன வருஷக் கொடையிலோ கல்யாண வீட்டிலோ எடுத்த போட்டோவையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய வாய்ஸ் மெசேஜை மருத்துவரிடம் போட்டுக் காட்டலாம். குரல் எந்த மாதம் உடைந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் முகத்து முடியைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் போவது நம் பெண்களின் வழக்கம். அன்று ஒருநாள் அப்படியே போவது நல்லது. மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, முதுகின் மேலும் கீழும், மேற்கை, தொடை என்று ஒன்பது இடங்களில் முடியின் அடர்த்திக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. ஃபெரிமானும் கால்வேயும் 1961-இல் வகுத்ததன் அடிப்படையில் அமைந்தது அது. முடியை மழித்துவிட்டுப் போனால் அந்தக் கணக்கு தப்பிப்போகும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150 முதல் 200 நானோகிராமைத் தாண்டினால் கட்டி சந்தேகம் வலுக்கும். டி.எச்.இ.ஏ.எஸ். என்ற இன்னொரு ஹார்மோன் 700 மைக்ரோகிராமை மிஞ்சினால் சந்தேகம் அட்ரீனல் பக்கம் திரும்பும். இவை வழிகாட்டிகளே தவிர முடிந்த முடிவல்ல. குறைந்த அளவில் சுரக்கும் கட்டிகளும் உண்டு. எண் சிறியதாக இருந்தாலும் உடல் வேகமாக மாறினால் உடல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தலைமுடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஏராளம். சில லேப்களில் பயன்படுத்தும் முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் நாட்களுக்கு நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். வலிப்புக்கான வால்ப்ரோயேட் உட்பட வேறு எந்த மருந்து எடுத்தாலும் சொல்ல வேண்டும்.

பிறகு ஸ்கேன். பெரிய கட்டி சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும். சிறிய லைடிக் கட்டி கண்ணுக்குச் சிக்காமல் போகலாம். "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு வரியோடு வீடு திரும்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ., அட்ரீனலுக்கு சி.டி., மிக அரிதாக இரு சினைப்பைகளின் ரத்தக் குழாய்களிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை என்று தேடல் நீள வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் சென்னைக்கு ஓடத் தேவையில்லை. நாம் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை, 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. 2019-இல் அங்கே பல்நோக்கு உயர்சிறப்புக் கட்டடமும் திறக்கப்பட்டது. பாபநாசத்துப் பெண்ணும் ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணும் பஸ் ஏறி அங்கே வந்து மகளிர் நோய்ப் பிரிவில் காட்டலாம். அறுவை வரை போகும் என்று தோன்றினால் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அறுவைக்குப் பின்

சிகிச்சை அறுவைதான். இளம்பெண்ணாக இருந்து, கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்தச் சினைப்பையையும் அதன் குழாயையும் மட்டும் எடுத்தால் போதும். மறுபக்கச் சினைப்பையும் கர்ப்பப்பையும் இருப்பதால் பின்னால் பிள்ளை பெறலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். பயாப்சியில் முதிர்ச்சி குறைந்த செல்கள் தென்பட்டாலோ கட்டி பரவியிருந்தாலோ கீமோதெரபி சேரும். அதன்பின் சில ஆண்டுகளுக்கு டெஸ்டோஸ்டிரோனை அவ்வப்போது பார்த்து வர வேண்டும். அது மறுபடி ஏறினால் கட்டி திரும்பியிருக்கிறதோ என்று தேட வேண்டும்.

கட்டியை எடுத்த சில நாட்களிலேயே டெஸ்டோஸ்டிரோன் சரசரவென இறங்கும். மாதவிலக்கு பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் திரும்பும். முகப்பரு அடங்கும், புதிய முடி முளைப்பது குறையும். ஏற்கெனவே தடித்த முடி மெல்ல மெல்லத்தான் மறையும், கொஞ்சம் நிலைத்தும்விடும். அதற்கு லேசர் போன்ற வழிகள் உண்டு. ஆனால் குரல் பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை. தடித்த குரல்நாண் தடித்ததுதான். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெண் கொடுக்கும் விலை இது.

தாமதிக்க வைப்பது யார்?

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண் குரல் கரகரத்தால் பீடித்தூள் நெடி என்று விட்டுவிடுவாள். விலக்கு நின்றால் உடம்பில் சத்தில்லை என்று தேற்றிக்கொள்வாள். முடியைச் சொல்ல நா எழாது. பேச்செழுந்தால் கல்யாணம் தட்டும் என்று அம்மா பயப்படுவாள். ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் கிடைத்துவிடுவதால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

ஆண்ட்ரோஜன் கூடிய பெண்ணைப் பெண்ணா என்று கேட்கும் கொடுமையையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினச் சோதனையின் பெயரால் பதக்கம் பறிக்கப்பட்டது. இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்ததற்காக 2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்த் ஓடத் தடை விதிக்கப்பட்டது. அவர் விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போராடி 2015-இல் மீண்டும் களமிறங்கினார். இவர்களுக்கும் கட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இவர்களைக் கூனவைக்கப் பார்த்த அதே பார்வைதான், கட்டி வந்த பெண்ணையும் வாய் திறக்க விடாமல் வீட்டுக்குள் வைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அளவு ஒரு ஹார்மோனின் கணக்கு, அவ்வளவே. ஒருவர் பெண்ணா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அந்த எண்ணுக்குக் கிடையாது.

அறிகுறிகள் வரும் வேகத்தை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர். மாதம் ஒருமுறை வந்தவர் வாரம் இருமுறை வருவதை பார்லர் அக்கா கவனிப்பார். மாணவியின் குரல் ஒரே பருவத்தில் மாறியதை டீச்சர் கவனிப்பார். வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர் விலக்கு நின்றதைக் கேட்டறிவார். "ஏ தாயி, இது திடீர்னு வந்திருக்கு. டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருவோம்" என்று இவர்களில் ஒருவர் சொன்னால் போதும். மருத்துவரின் முன் அந்தப் பெண் சொல்ல வேண்டியது நான்கே விஷயம்: எந்த மாதம் தொடங்கியது, மாதவிலக்கு எப்போது நின்றது, குரல் மாறியதா, டெஸ்டோஸ்டிரோன் பார்த்தார்களா. இந்த நான்கையும் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்த பெண், பெரும்பாலும் ஒரே அறுவையில் குணமாகக்கூடிய நோயிலிருந்து, தன் குரல் முழுதாகப் போவதற்கு முன்பே வெளியே வந்துவிட முடியும்.